நான்கு பேனல், மூன்று வருடம், திருப்தி

சுற்றறிக்கையை மூன்றாவது முறை படித்தபோதும் அதில் இருந்தது குமாஸ்தாவின் வீட்டு முகவரிதான்.

'அண்டை நாட்டுத் தலைவர்கள் கூடும் மாநாட்டை ஒட்டி, சூரிய மின்சக்தி வளர்ச்சிக் குழுவின் தலைவர் அவர்கள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நம் ஊழியர் ஒருவரின் முன்மாதிரி இல்லத்தைப் பார்வையிடுவார்' என்று ஆரம்பித்துக் கதவு எண் வரை பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள்.

அந்த முன்மாதிரி இல்லத்தின் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கொடிக்கயிறு, வீட்டு ஓனரம்மாவின் ஆறு குரோட்டன்ஸ் தொட்டிகள் தவிர வேறொன்றும் கிடையாது. சூரியன் தினமும் வந்து, சும்மா இருந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வினை ஆரம்பித்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். 'முதலில் என் வீட்டு மாடி' என்பது தலைவரின் புகழ்பெற்ற முழக்கம். அலுவலகத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தப் படம்தான்: தம் வீட்டு மாடியில், பேனலின் மூலையில் வலது கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கும் தலைவர். தலைவர் வீட்டு மாடியில் இருந்தால் ஊழியர் வீட்டு மாடியிலும் இருக்க வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு படிவம் வந்தது. 'இல்லை' என்று குறிப்பவர்கள் 'ஆர்வத்தை வளர்த்துக்கொள்ளும் பொருட்டு' மலைக் கிளைக்கு மாற்றப்படுவார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

பதினெட்டு ஊழியர்களும் 'உண்டு' என்று டிக் அடித்தார்கள். பதினேழு பேர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் குமாஸ்தாவுக்கு மட்டும் அது முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் படிவங்களோடு குடும்பம் நடத்துகிறவர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். எத்தனை பேனல்? 'நான்கு' என்று எழுதினார். எத்தனை வருடமாக? 'மூன்று.' அனுபவம்? 'திருப்தி.' எல்லாக் கட்டமும் நிரம்பிய ஒரே படிவம் அவருடையதுதான். பிறகு தேர்ந்தெடுக்க மாட்டார்களா?

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். ஆனால் மனைவி ஐந்து வருடம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஐந்து வருடம் அவர் ஞாயிற்றுக்கிழமைக் கணவனாக வாழ்ந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவளுக்கு இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்தது. மலைக் கிளையோ பஸ்ஸில் பதினோரு மணி நேரம். மறுபடியும் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று கழுவிக் கவிழ்க்க அவருக்குத் தெம்பில்லை.

"ஏங்க, இல்லைன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் மனைவி, சுற்றறிக்கையைப் படித்துவிட்டு.

"மலைக்கு அனுப்பியிருப்பாங்க."

"இப்ப?"

"இப்ப சஸ்பெண்ட் பண்ணிட்டு அனுப்புவாங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் குமாஸ்தா 'மேடை, நாற்காலி, விளக்கு வாடகைக்கு' என்று பலகை மாட்டிய கடை வாசலில் போய் நின்றார். நாற்காலி வாடகை விசாரித்தார், மேஜை வாடகை விசாரித்தார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வாடகைக் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"பேனலா? நாலு இருக்கு. ஸ்டாண்டோட தர்றேன். எத்தனை நாளைக்கு?"

"இதெல்லாம்கூட வாடகைக்குக் குடுக்கறீங்களா?"

"கேக்கறவங்க இருக்காங்க, குடுக்கறோம். ஆனா ஒண்ணு சார், வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டாண்ணு வந்து கழட்டிட்டுப் போயிடுவேன். என் ரெகுலர் கஸ்டமர் ஒருத்தருக்கு வேணும்."

ஒரு பேனலின் மூலை உடைந்து, அங்கே கிளிப்பச்சை நிறத்தில் நகப்பாலிஷ் பூசியிருந்தது.

"இது என்னங்க?"

"தண்ணி இறங்காம இருக்கறதுக்கு. தூரத்துல நின்னு பார்த்தா தெரியாது சார். யாரு இதையெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்கறாங்க?"

பேனல்கள் படியேறும்போது ஓனரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழிமறித்தாள். "என் மாடியைக் கேக்காம யாரு இதெல்லாம் ஏத்தச் சொன்னது?"

"உங்களுக்கும் இதுலேர்ந்து கரண்ட் குடுக்கறேம்மா. இலவசமா" என்றார் குமாஸ்தா. வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது.

ஓனரம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து, "நமக்கும் ஒரு வயர் விடுங்க சார், இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும்" என்றார். சரி என்று சொல்லாமல் என்ன செய்வது?

பேனலிலிருந்து தொங்கிய வயரை எங்கே கொண்டுபோய் இணைப்பது என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதன் நுனியை ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குள் புதைத்து மண்ணைத் தட்டிவிட்டார். வீட்டில் எரியப்போவது வழக்கமான மின்சாரம்தானே, எரிகிற விளக்கைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் புதன்கிழமை மத்தியானம் வரை இருந்தது. அலுவலக டைரக்டர் அவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோணியிருக்குய்யா. நாளைக்குப் பத்து மணிக்கு உங்க தெரு முழுக்கக் கரண்ட்டை நிறுத்தச் சொல்லிட்டேன். தெருவுல எந்த வீட்டுலயும் ஃபேன் சுத்தாது. உங்க வீட்டுல மட்டும் லைட் எரியும், ஃபேன் சுத்தும். தலைவர் அசந்துடுவாரு!"

"எதுக்கு சார் தெருக்காரங்களுக்குச் சிரமம்..." என்று இழுத்துப் பார்த்தார் குமாஸ்தா.

"பாருங்க, இதுதான்யா உங்க நல்ல மனசு" என்று சொல்லி டைரக்டர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

மனைவியின் தம்பி லாரி பேட்டரிக் கடை வைத்திருந்தான். அவன் இரண்டு பழைய பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்து, தரை வரை போர்வையைத் தொங்கவிட்டான்.

"இருபது நிமிஷம் தாங்கும் மாமா. ஒரு லைட்டு, ஒரு ஃபேன். அதுக்கு மேல எதையாவது சொருகினீங்க, கத்த ஆரம்பிச்சிடும்."

"யாரு மாப்ள கத்துவா?"

"இன்வெர்ட்டர் மாமா."

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. தலைவர், டைரக்டர், இரண்டு கேமராக்காரர்கள் என்று கூட்டமாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். குமாஸ்தா சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் கனத்த உடம்பும் களைத்த முகமுமாக ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் பதினைந்து நிமிடம் என்று குமாஸ்தா மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஓனரம்மா ஒரு நீளமான வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே இஸ்திரிப் பெட்டியோடு தையல்காரர்.

"கரண்ட் போயிடுச்சு தம்பி. நீங்க சொன்னீங்களே, அதான் வந்தோம்."

"அப்புறமா..." என்று ஆரம்பித்தார் குமாஸ்தா.

"அக்கம்பக்கத்துக்கும் குடுக்கறாரா!" டைரக்டர் துள்ளிக் குதித்தார். "கேமரா, இங்க வாங்க! சொருகுங்கய்யா, சொருகுங்க!"

தையல்காரர் சொருகினார்.

ஃபேன் ஒருமுறை தயங்கி, யோசித்து யோசித்துச் சுற்ற ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து 'கீ... கீ...' என்று ஒரு சத்தம் கிளம்பியது. தலைவர் தலையைத் திருப்பிப் போர்வையைப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?"

மனைவிதான் முந்தினாள். ஐம்பது பிள்ளைகளை அடக்கும் குரலில், "மொதல்ல மாடிக்குப் போய்ப் பேனலைப் பார்த்துடலாமா சார்? வெயில் ஏறிடும்!" என்றாள்.

கட்டிலிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு வயர் புதைத்த தொட்டி ஞாபகம் வந்தது. அதற்குள் தலைவர் படியேறிக்கொண்டிருந்தார்.

மாடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் தலைவரும் குமாஸ்தாவும்தான். டைரக்டரும் கேமராக்காரர்களும் குறுகலான படியில் ஒருவர் மீது ஒருவர் இடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். தலைவர் பேனல்களை நெருங்கினார். வயரைப் பார்த்தார். அவர் பார்வை அந்த வயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து, குரோட்டன்ஸ் தொட்டியில் போய் நின்றது. பிறகு குனிந்தார். உடைந்த மூலையில் இருந்த பச்சைப் பாலிஷை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து குமாஸ்தாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வாங்கினீங்க?"

"ஒ... ஒரு கடையில சார்."

"ம்" என்றார் தலைவர். "நல்ல கடை."

அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். "சார், அப்படியே வயர் எப்படிப் போகுதுன்னு காட்டினா..."

"வேண்டாம். நான் இங்கேயே நின்னு பேசறேன்" என்று சொல்லி, தலைவர் அந்தத் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையைப் பேனல் மேல் ஊன்றிக்கொண்டார். சூரியன், எதிர்காலம், நம் பிள்ளைகள், புகையில்லாத வானம் என்று கொளுத்தும் வெயிலில் கால் மணி நேரம் பேசினார். நல்ல பேச்சுத்தான். தலைவர் மனதார நம்பிப் பேசினார் என்பது கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அதுதான் குமாஸ்தாவை இன்னும் அதிகமாகச் சுட்டது. இவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று கூனிக் குறுகி நின்றார்.

கிளம்பும்போது தலைவர் அவர் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார்.

"கழட்டும்போது மூலை பத்திரம் தம்பி."

கார் போய்விட்டது. தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. குமாஸ்தா மட்டும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார் மனைவியிடம். "கேமரா முன்னால அசிங்கப்படுத்த வேண்டாம்னு பெரிய மனசு பண்ணிட்டாரு. திங்கக்கிழமை ஆர்டர் வந்துடும்."

"வரட்டும்." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அஞ்சு வருஷம் ஓட்டலையா? நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க, நான் ஒரு ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"பதினோரு மணி நேரம்மா."

"தூங்கிக்கிட்டே வருவேன்" என்றாள். ஆனால் குரல் கம்மியிருந்தது. அதைக் கேட்டுத்தான் குமாஸ்தா முடிவெடுத்தார். அவர்களாகக் கேட்பதற்கு முன்னால் உண்மையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மானமாவது மிஞ்சும். வெள்ளைத் தாளை எடுத்து மேஜை முன் உட்கார்ந்தார். கை பழக்கத்தில் கட்டம் போட்டது. எத்தனை பேனல்? 'இல்லை.' எத்தனை வருடமாக? 'நான்கு நாள், வாடகைக்கு.' அனுபவம்? அந்த ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வெகு நேரம் யோசித்து 'வருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சரியாக நாலு மணிக்கு வாடகைக் கடைக்காரர் வாசலில் வேனை நிறுத்தினார்.

"என்ன சார், முகம் தொங்கிக் கிடக்கு? நல்லபடியாத்தானே முடிஞ்சுது?"

"எங்கங்க! தலைவர் கண்டுபிடிச்சிட்டாரு" என்றார் குமாஸ்தா, தாளை மடித்துக்கொண்டே. "கிட்டப் போய்ப் பார்த்துட்டாரு. அந்தப் பச்சைப் பாலிஷைத் தடவித் தடவிப் பார்த்தாரு."

"பார்க்காம இருப்பாரா?" என்றார் வாடகைக் கடைக்காரர், படியேறிக்கொண்டே. "அதைப் பூசினதே அவங்க வீட்டம்மாதானே! சீக்கிரம் ஒரு கை குடுங்க சார், நாளைக்கு வெளிநாட்டுத் தலைவருங்க வந்து பார்க்கறதுக்குள்ள அவர் வீட்டு மாடியில ஏத்தியாகணும்."