உறைக்குள் கரவன்

கரவனைக் குளிர்காலத்துக்கு மூடுவதா, திறந்தபடி விடுவதா என்பதை இம்முறை நான்தான் தீர்மானிப்பேன்.

ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், லண்டனின் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டு முன்வாசலில் நின்று இப்படித் தீர்மானித்தேன். கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் முதல் தீர்மானம். அந்தச் சொல்லுக்குள் 'மானம்' இருப்பதைத்தான் கண்டேன். 'தீர்' இருப்பதைக் கவனிக்கவில்லை.

காரின் பின்னால் கொளுவி இழுக்கும் இரண்டு சில்லு வண்டி அது. மடித்தால் இடுப்பளவு உயரப் பெட்டி. விரித்தால் நாலு பேர் படுக்கலாம். மூன்று வருஷத்தில் இரண்டு தரம் விரிந்தது. ஒரு தரம் வேல்ஸில். மற்றத் தரம் விற்றவன் விரித்துக் காட்டினான்.

பக்கத்து வீட்டுப் பாலேந்திரா அண்ணையிடம் ஆலோசனை கேட்டேன்.

"மூடினா ஈரம் உள்ளுக்க நிண்டு பூஞ்சணம் பிடிக்கும், தம்பி."

"மூடாட்டி?"

"மழைத்தண்ணி இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"வாங்கியிருக்கக் கூடாது."

மூடுவதென்று முடிவெடுத்தேன். ஐந்து நியாயங்களைத் தயார்படுத்திக்கொண்டு மனைவி டொலறஸிடம் போனேன்.

"இஞ்சாரும், நான் கரவனை மூடப்போறன்."

"மூடுங்கோ."

"காத்துப் போற துணி. ஈரம் நிக்காது."

"நல்லது. மூடுங்கோ."

"நிலம் முட்ட மூடுவன்!"

"ஓம். சில்லும் தெரியக் கூடாது."

நாலு நியாயங்கள் மிச்சம். வென்றுவிட்டேன்.

நவம்பரில் அக்கா மகனின் கலியாணத்துக்கு ரொறன்ரோ தனியாகப் போய்ப் பத்து நாள் நின்று வந்தேன். நான் போட்ட சாம்பல் நிற உறை போட்டபடியே இருந்தது. வீட்டுக்குள்தான் சோபாவும் சாப்பாட்டு மேசையும் புதிது.

"பழசு எங்க?"

"வெளியால எடுத்து வச்சிட்டன்."

குப்பைக்கு என்று நினைத்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கரவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். பனி கொட்டினால் தும்புத்தடியால் தட்டினேன். புயல் அடித்த அன்று மழைக்கோட்டுடன் போய் வாரை இறுக்கினேன். வேலைக்குப் போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு. பாலேந்திரா அண்ணை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மார்ச் கடைசியில் வெயில் வந்தது. உறையைக் கழற்றினேன்.

கீழே பழைய சோபா. அதன் மேல் கவிழ்த்துப்போட்ட சாப்பாட்டு மேசை.

"டொலறஸ்! கரவன் எங்க?"

"மோர்டன்ல. என்ர தங்கச்சி வீட்டில."

"அஜித்தாவிட்டயோ? எப்ப போனது?"

"நீங்கள் ரொறன்ரோவில நிக்கேக்க. அவவுக்கு நாலு பிள்ளையள். இதுக்குள்ள ஐஞ்சு தரம் விரிச்சுப் படுத்திட்டினம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் வந்த அண்டே அதைத் தட்டிக் குடுத்தீங்கள். உங்கட சந்தோசத்தை ஏன் கெடுக்கவேணும்?"

நியாயத்துக்காக வேலிக்கு அப்பால் பார்த்தேன். பாலேந்திரா அண்ணை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தச் சோபா சரியான பாரம், தம்பி. தூக்கின நாளில இருந்து எனக்கு நாரி நோ."

அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மழை தூறத் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, மேசை நனையுது" என்றாள் டொலறஸ்.

நான் உறையை எடுத்து நிலம் முட்ட மூடினேன்.