லாபக்காரர் சுமந்த லாஸ்

ஆரணியில் 'ஒன்று' என்ற சொல்லே இல்லாமல் வாழ்நாளை ஓட்டியவர் அவர் மட்டும்தான். பட்டுச்சேலைக் கடைக்காரர். எண்ணும்போது ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்று தொடங்கும் வியாபாரிகள் உண்டு. இவர் அதோடு நிற்கவில்லை. "லாபம் மணிக்கு வேலூர் பஸ் இருக்குதா?" என்பார். மாத்திரையைக்கூட "காலையில லாபம், ராத்திரி ரெண்டு" என்றுதான் விழுங்குவார். ஊரே அவரை லாபக்காரர் என்றது. கடையில் யாராவது நஷ்டம் என்று சொல்லிவிட்டால், சொம்புத் தண்ணீரைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர், கம்ப்யூட்டர் கம்பெனி ஷேர் என்று எல்லாரும் பித்துப் பிடித்து அலைந்த காலத்தில் தானும் வாங்கி, விலை தரைதட்டிய பிறகு விற்றார். நான் டைப்பிஸ்டாக இருந்த ஆடிட்டர் ஆபீசுக்கு வந்து, "லாபம் கொஞ்சம் வெளியூர் போயிருக்குதுங்க" என்றார்.

"கடைசி தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டுடுங்க" என்றார் ஆடிட்டர். "இந்த நஷ்டத்த எட்டு வருஷம் வரைக்கும் எடுத்துகினு போலாம். பின்னால ஷேர்ல லாபம் வந்தா அதுல கழிச்சிக்கலாம், வரி மிச்சம். தேதி தாண்டுனா அம்பேல்."

லாபக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவனவன் தலை முழுகிட்டு ஓடுறான். நான் அத எட்டு வருஷம் இடுப்புல வெச்சிகினு திரியணுமா சார்?"

போனவர் திரும்பவில்லை. கடைசி நாளன்று ஃபாரத்தோடு என்னைக் கடைக்கு விரட்டினார் ஆடிட்டர்.

"அந்த வார்த்தைக்குக் கீழ என் கையெழுத்தா? பேஜாராப் பூடும்மா" என்று லாபக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். வேலூர் வருமான வரி ஆபீஸ் மூடுவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். எரிச்சல் தலைக்கேறியது.

"ஃபாரத்துல இங்கிலீஷ்ல 'லாஸ்'னுதாங்க இருக்குது. லாபத்துக்கும் அதுக்கும் ஒரே 'லா'தாங்க."

"லா... லா..." என்று சொல்லிப் பார்த்தார். "அப்ப பாதி லாபம்தான் இது. ஜல்தியா பேனா குடும்மா."

பஸ்ஸைப் பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு மார்க்கெட் ஏறியது; அவரும் மறுபடி ஷேர் வாங்கி விற்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் வந்த லாபத்தில் கழித்துக் கழித்து, ஒரு வருஷம் பாக்கியே இல்லாமல் போனது.

"இனிமே எடுத்துகினு போக எதுவும் இல்லீங்க" என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனுஷர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"நம்ம நஷ்டம் தீந்துடுச்சா?" அந்த வார்த்தையை வாய்விட்டே சொல்லிக் கேட்டார். "இத்தினி வருஷமா கூடவே வந்துகினு இருந்துச்சு. வெறிச்சுன்னு இருக்குதும்மா."

சிரிக்கத்தான் நினைத்தேன். அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மனசு வராமல் இரண்டு டீ சொன்னேன். அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த மனுஷரை.