நாடியை எகிற வைக்கும் ஆறுதல்காரர்

ஆறுதல்காரர் என்றொரு இனம் உண்டு. சர்க்கரையைக் கண்ணால் காணாத இந்த ஜப்பான்காரன் காலத்திலும், எறும்பு சர்க்கரையைக் கண்டுபிடிப்பதுபோல நோயாளியின் கட்டிலைக் கண்டுபிடித்துவிடுவார். வெறுங்கையோடு வராமல் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வருவார். ஆபரேஷனுக்கு முன் நோயாளி எதுவும் தின்னக்கூடாது என்றதும், வீணாகிவிடுமே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தானே தின்பார். தின்றுகொண்டே தைரியம் சொல்வார். அந்தத் தைரியம் இருக்கிறதே!

காஜா பேராங் ஊர்க்காரர் நல்லையா இந்த இனத்துக்கே தலைவர். என் அக்கா கோகிலாவுக்குக் குடல்வால் வீங்கி, இன்றே அறுக்காவிட்டால் வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்ன மதியம், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

"பயப்படாத தங்கச்சி. மயக்க மருந்து ஈத்தர்னா நெஞ்சு குதிரையாட்டம் ஓடும், ரத்த அழுத்தம் அவ்வளவா இறங்காது. அதுதான் தீர்ந்துபோச்சாமே! உனக்கு குளோரோஃபார்ம். அது அழுத்தத்தை இறக்கும், நெஞ்சை மெதுவாக்கும். சிலருக்கு ரொம்பவே மெதுவாக்கிடும். புக்கிட் பாருவுல ஒருத்தர்... சரி, அத விடு. நீ தைரியமா இரு."

விட முடியுமா? அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்த டிரஸ்ஸர் ஷரீஃபுதீன், டாக்டரின் உதவியாளர், முகம் சுளித்தார். என்னைத் தள்ளிக்கொண்டுபோய்த் தணிந்த குரலில் சொன்னார்: "பயந்து ஓடுற நெஞ்சுக்கு குளோரோஃபார்ம் குடுத்தா தாளம் தப்பி நின்னே போயிடும் தம்பி. கொஞ்சம் அடங்கட்டும்."

நெஞ்சு அடங்கும்வரை வயிறு பொறுக்குமா?

"டிரஸ்ஸரய்யா, நல்லையாண்ணன் நாடியையும் பாருங்களேன். தைரியமான நாடி எப்படி இருக்கும்னு அக்கா தெரிஞ்சுக்கட்டும்" என்றேன், மிகுந்த மரியாதையோடு.

நல்லையா பெருமையாகக் கையை நீட்டினார். டிரஸ்ஸர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க படுங்க. இவங்கள விட உங்களுக்குத்தான் வேகமா ஓடுது."

"ஐயோ, எனக்கு குளோரோஃபார்ம் வேணாம்லா!" வாய் நிறையக் கிழங்கோடு அலறினார்.

"சிரிக்க வைக்காதடா, வலிக்குது" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, பக்கத்துக் கட்டிலில் சாய்ந்துவிட்ட நல்லையாவின் கையைத் தட்டித் தட்டி, "பயப்படாதீங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் டிரஸ்ஸர் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே கொண்டுபோனார்கள். கதவு திறக்கும்வரை என் நாடியை யாரும் பார்க்கவில்லை, நல்ல வேளை. பிழைத்து வந்தாள்.

நல்லையாவை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இப்படித்தான்...' என்று நாக்கு நுனிவரை வந்தால், முதலில் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். இன்னொரு கையில் கிழங்குப் பொட்டலமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.