நாலு கெட்ட பல்ப்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் என் மீதிப் பல்லும் இன்றைக்கே கொட்டட்டும். மீதி ஏழு இருக்கிறது. அந்த ஏழின் மேல் ஆணை.

முப்பத்தொரு வருஷம் ஒரு விளையாட்டுக் கூடத்தில், காசு போட்டு ஆடும் மெஷின்களுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். வைத்தியம் என்றால் பெரும்பாலும் பொத்தானுக்குள் எரியும் குட்டி பல்பை மாற்றுவது. முன்கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பிடிப்பை லேசாகத் திருகி இழுத்தால் பல்ப் கையோடு வந்துவிடும். ஒருமுறை ஆட்டக்காரர் ஒருவர் தும்ம ஆரம்பித்தார். அவர் தும்மி முடிப்பதற்குள் ஆறு பல்ப் மாற்றி, கதவைச் சாத்தி, நூறு ஆயுசு என்று வாழ்த்தியும் விட்டேன்.

கூடத்தை மூடியபோது ஒரு பழைய மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் ஜன்னலோரம் நிறுத்தினேன். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான். வந்தது வினை. என் மனைவி துணி தைப்பவள். தையல் மெஷின் பின்னறையில், இருட்டில்.

"ஏங்க, உங்க மெஷின் வெயில் காயணுமா?"

"அங்க இருந்தாதான் அதுக்கு அழகு."

"எனக்குக் கண்ணு இருந்தாதான் அழகு. நேத்து ஒரு சட்டைக்குக் கை வெச்சு முடிச்சுப் பாத்தா, கழுத்துல வெச்சிருக்கேன்."

"புது மாதிரின்னு சொல்லிக் குடுத்துடேன்."

"எது பின்னறைக்குப் போகுது? மெஷினா, நீங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடிப் பார்த்துவிடுவோம் என்றேன். ஆளுக்குப் பத்து சுற்று. ஜெயித்தவருக்கு ஜன்னல். மாடி வீட்டு கண்டக்டர் நடுவர். பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்றும் விசிலை விடாத மனுஷன்.

ஆட்டம் இதுதான். நாலு உருளை சுழலும். ஒரே படம் எத்தனை சேருகிறதோ அத்தனை புள்ளி. ஒவ்வொரு உருளைக்கும் கீழே ஒரு பொத்தான். சில சுற்றுகளில் பொத்தான்கள் எரியும். எரியும்போது அழுத்தினால் மேலே உள்ள உருளை அடுத்த சுற்றில் அசையாமல் நிற்கும். வந்த ஜோடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். எப்போது எரியும் என்பது மெஷினுக்கே வெளிச்சம். எரிவது தெரியாதவன் குருட்டாட்டம்தான் ஆட வேண்டும்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. நான் ஆடும்போது நல்ல பல்ப். அவள் ஆடும்போது கெட்ட பல்ப். நடுவில் காசு மாட்டிக்கொண்டது என்று கதவைத் திறந்தால் போதும். ஒரு தும்மல் நேரம்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் பல்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். கருகியதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதருகே வைத்து ஆட்ட வேண்டும். கெட்டதென்றால் அறுந்த இழை உள்ளே, கொசு கொலுசு கட்டி நடந்த மாதிரி, கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. லாரி ஹாரன் கேட்கும். இடி கேட்கும். மனைவி கூப்பிட்டால் கேட்காது. டாக்டர் இதை வியாதி என்கிறார். அவள் திறமை என்கிறாள். அதனால் வருஷக்கணக்காக நான் பல்பை ஆட்டுவேன், அவள் தீர்ப்புச் சொல்வாள். நல்லது பச்சை டப்பாவுக்கு, கெட்டது துருப்பிடித்த டப்பாவுக்கு.

போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம், கலந்து கிடந்த பல்புகளை அள்ளிக்கொண்டு அவளிடம் போனேன்.

"இதுல நல்லதா நாலு, கெட்டதா நாலு பொறுக்கிக் குடேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "கெட்டது எதுக்கு?"

"சும்மா. ஒப்பிட்டுப் பாக்க."

"ஓ." காதைக் கொடுத்தாள். "இது நல்லது. இது போச்சு. இதுவும் போச்சு. கையை ஆட்டுங்க, தலையை ஆட்டாதீங்க. இது நல்லது."

எட்டும் பிரிந்தன. நல்ல நாலை அவள் கண்ணெதிரே பொத்தான்களில் மாட்டினேன். கெட்ட நாலை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை கண்டக்டர் விசில் அடித்தார். நான் முதலில் நின்றேன்.

முதல் சுற்று. இரண்டு மணிப் படங்கள் ஜோடியாக வந்தன. பொத்தான் எரியவில்லை. மூன்றாவது சுற்றில் இரண்டு எலுமிச்சை. எரியவில்லை. ஏழாவதில் மூன்று மணி வரிசையாக வந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. பொத்தான் நாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, அதிர்ஷ்டம் லீவுபோல," என்றார் கண்டக்டர்.

"வரும், வரும்."

வரவில்லை. பத்து சுற்றில் ஒன்பது புள்ளி. எனக்குக் கவலையில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவள் நாலைத் தாண்டுவாளா?

"காசு மாட்டிக்கிச்சு," என்று கதவைத் திறந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நாலையும் கழற்றினேன், நாலையும் மாட்டினேன், சாத்தினேன். கண்டக்டர் கொட்டாவிகூட விட்டு முடிக்கவில்லை.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். காசைப் போட்டாள். இரண்டு மணி. உடனே நாலு பொத்தானும் கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியாக எரிந்தன.

என் வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடினேன். என்ன சொல்வது? அது எரியக் கூடாத பல்ப் என்றா?

"ஏங்க, சிவப்பா எரியுதே, அமுக்கணுமா?"

"…அமுக்கணும்."

"நாலையுமா?"

"மணி வந்ததை மட்டும்."

என் தோல்விக்கு நானே கோனார் உரை போட்டுக்கொண்டு நின்றேன். பத்தாவது சுற்றில் நாலு மணியும் சேர்ந்தன. மெஷின் அடித்த மணி எனக்கே கேட்டது. இருபத்தாறு புள்ளி.

கண்டக்டர் நீளமாக விசில் ஊதினார். "அண்ணி ஜன்னல் சீட். அண்ணே, இத்தனை வருஷமா பல்ப் மாட்டினீங்க. இன்னைக்கு வாங்கிட்டீங்க."

அரை யானை எடையுள்ள அந்த மெஷினை நானும் அவரும் பின்னறைக்குத் தள்ளினோம். அவர் விசில் அடித்தார், நான் தள்ளினேன். ஜன்னலோரம் தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது. அவள் முதல் தையலை ஓட்டினாள். அன்றைக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில்தான் கை இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன், கண்டக்டர் மாடியேறிய பிறகு.

அவள் நிமிரவில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து நல்ல பல்ப்தான் கேட்டிருக்கீங்க. முதல் தடவையா கெட்டது கேட்டீங்க. நான் மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஆமாங்க," என்றாள். "அந்தத் துருப்பிடிச்ச டப்பாவை வீசிடாதீங்க. உங்க மேல சந்தேகம் வந்த நாளெல்லாம் நல்லதை அதுலதான் போட வெச்சிருக்கேன்."

எடுத்துப் பார்த்தேன். டப்பா தளும்பி வழிந்தது.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரியுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் வெளியே விடாதீர்கள். கொஞ்சம் மெதுவாகவும் சிரியுங்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.