காக்கிப் பட்டை கட்டிய பூனை

பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். அப்படியும் காஜா பெராங் ஊரில் மாவு மில் வைத்தேன், காப்பிக்கடை நடத்தினேன், கல்வீடு கட்டினேன். இத்தனையும் சாதித்த என்னைத் தெருப்பூனைக்கு அப்பனாக்கிய ஒரே ஆள், எங்கள் பூனை டெய்லர்.

அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சட்டை தைக்கப் போனால், "இருங்கண்ணே, மடியில ஆள் தூங்குது" என்பார். அந்தப் பூனை எழும்வரை, நாட்டுச் சுதந்திரமான மெர்டேகாவே வந்து வாசலில் நின்றாலும் மெஷின் ஓடாது.

மெர்டேகா நெருங்கியது. ஊரைத் துப்புரவாக்க நகராட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். பூனை கழுத்தில் பட்டை இருக்கவேண்டும், 'என் பூனை' என்று சொல்ல ஒரு வீடு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் லோரியில் ஏற்றிவிடுவார்கள். ஏறிய பூனை திரும்பாது.

டெய்லர் சாப்பாட்டை மறந்து பட்டை தைத்தார். லோரியும் வந்தது. இறங்கிய அதிகாரி கேட்டார், "இதெல்லாம் யார் வீட்டுப் பூனை?"

"எங்களுது இல்லைங்க." முந்தின நாள்வரை கூப்பிட்டு மீன்தலை போட்ட தெருக்காரர்கள்தான். சொந்தம் என்றால், அது அடுத்த வீட்டில் திருடிய மீனுக்கும் பதில் சொல்லவேண்டுமே.

டெய்லர் அசரவில்லை. "ஐயா, பூனை கழுத்தைப் பாருங்க. அப்புறம் இவங்க உடுப்பைப் பாருங்க."

மஞ்சள் பூனை கழுத்தில் பச்சைக் கோடு போட்ட பட்டை. எதிரே நான், அதே துணியில் புதுச் சட்டையோடு. சோறு போடும் வீட்டுத் துணியில் மிஞ்சியதை எடுத்து, அந்தந்தப் பூனைக்குக் கட்டியிருக்கிறார் மனுஷன்.

"என்னண்ணே, பிள்ளை உங்க ஜாடையா இருக்கு" என்றார் டெய்லர்.

தெருவே சிரித்தது. "என்னுதுதாங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் ரோஸ் பட்டைப் பூனைக்கு எதிரே நின்ற ரோஸ் ரவிக்கைக்காரம்மா வாய் திறந்தார், மற்றவர்களும் திறந்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஒற்றைக்கண் கறுப்பன். யார் வீட்டிலும் அண்டாதது. கழுத்தில் காக்கிப் பட்டை. அதிகாரி குனிந்து தன் கால்சட்டையை, அதே காக்கிச் சிலுவாரைப் பார்த்தார்.

"யோவ், போன மாசம் நீ எனக்குத் தைச்ச துணியா?"

"கொஞ்சம் மிஞ்சிச்சுங்க. சட்டம் போட்ட இடத்துலயும் ஒண்ணு வளரட்டுமே."

லோரி டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். கூண்டு காலியாகவே போனது. கறுப்பன் முன்சீட்டில், அதிகாரி மடியில் போனான்.

டெய்லர் போய் வெகுகாலமாயிற்று. அந்தப் பச்சைக் கோட்டுச் சட்டையை மட்டும் நான் வீசவில்லை. வீட்டுக்கு வரும் பூனைக்கெல்லாம் அதில்தான் பட்டை; அவர் தையல்தான் எனக்கு வரமாட்டேன் என்கிறது. கெட்டிக்காரத்தனமெல்லாம் அவருடையதே என்று ஊர் சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் முதலில் 'என்னுது' என்றவன் நான். பூனை டெய்லர் பேரை எடுக்கும்போதெல்லாம், பக்கத்திலேயே என் பேரையும் சொல்லிவிடுங்கள்.