குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்

கேள்வி கேட்டவர் இனி ஜென்மத்துக்கும் கேள்வி கேட்காதபடி பதில் எழுதுவதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர் இருந்தது. பெரிய பெயர் என்றால், முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்குள். (அதற்கு வெளியே பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூட என் பெயர் தெரியாது.)

யாராவது "கரண்ட் வந்துவிட்டதா?" என்று கேட்டால் "தலைக்கு மேல் ஃபேன் என்று ஒன்று இருக்கும், அண்ணாந்து பாருங்கள்" என்பேன். "குப்பை வண்டி போய்விட்டதா?" என்றால் "மூக்கு எதற்கு இருக்கிறது?" என்பேன். கீழே சிரிக்கும் முகங்கள் வந்து விழும். அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். என் மனைவி கவிதா ஒருநாள், இதுவரை ஒருத்தருக்காவது உருப்படியாகப் பதில் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள். பதில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், சிரிக்க வைக்க ஆள் வேண்டாமா என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றுவிட்டார். மோட்டார் போடுவது அவர் வேலை. புது ஆள் வரும்வரை வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். முதல் வாரம் தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த சரவணனுக்கு விழுந்தது. தென்காசிப் பக்கத்துப் பையன், ஐடி வேலை, பரம சாது. ஞாயிற்றுக்கிழமை மாலை குழுவில் பணிவாகக் கேட்டான்: "சார், மோட்டார் பக்கத்தில் இரண்டு வால்வு இருக்கிறது. எதைத் திறக்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. இடது வால்வைத் திறந்தால் எங்கள் ஏ பிளாக் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும், வலதைத் திறந்தால் பி பிளாக்குக்கு. ஒன்று நிரம்பியதும் மற்றதைத் திறக்க வேண்டும். இதை எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் பத்து நிமிடம் யோசித்து இப்படி எழுதினேன்: "குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இது ஒன்றாம் வகுப்புப் பாடம். இன்ஜினியரிங்கில் நடத்தவில்லையா?"

பதினெட்டு சிரிப்பு முகங்கள். என் வாழ்நாள் சாதனை. சரவணன் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடங்கிப்போனான். வேறு யாரும் பதில் சொல்லவில்லை. நான் பேசிய பிறகு யார் பேசுவார்கள்?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எனக்கு ஆபீஸில் டீம் லீடர் பதவிக்கான நேர்காணல், வீடியோவில். இரண்டு வருடமாக நான் காத்திருந்த பதவி. கவிதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, எதற்கும் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் கண்ணாடி முன்னால் நின்று தலைமைப் பண்பைப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். காதில் விழவில்லை.

ஒன்பது மணிக்கு பி பிளாக் மல்லிகா அக்கா குழுவில் குரல் பதிவு போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், டைப் செய்யப் பொறுமை கிடையாது. "மொட்ட மாடில தண்ணி கொட்டிகினே கீது, யார்னா மோட்டார நிறுத்துங்கப்பா." நான் உடனே, "குற்றாலம் போக லீவு கிடைக்காதவர்கள் பி பிளாக் மொட்டை மாடிக்கு வரவும்" என்று எழுதினேன். அங்கே கொட்டிக்கொண்டிருந்தது நான் குளிக்க வேண்டிய தண்ணீர் என்பது இந்த மேதாவிக்கு உறைக்கவில்லை.

பத்தரைக்குக் குளிக்கப் போனேன். தலையில் ஷாம்பு, முகத்தில் சோப்பு. ஷவர் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. வீட்டில் வாட்டர் கேனும் காலி. (போன் செய்து வரவழைப்பது என் பொறுப்பு.) நல்லவேளையாக, சிரிப்பு முகங்களை எண்ணுவதற்காகப் போனையும் குளியலறைக்குள் கொண்டுபோயிருந்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஏ பிளாக்கில் தண்ணீர் இல்லை, அவசரம், என்ன செய்வது?" என்று கேட்டேன். அந்தக் குழுவில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

பதில்கள் பறந்து வந்தன. மூக்கு எதற்கு இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அண்ணாந்து பார்க்கச் சொன்னார் இன்னொருவர். மல்லிகா அக்காவின் குரல் குளியலறை முழுக்க எதிரொலித்தது: "இன்னா சார், கொயாவத் தொறந்தா தண்ணி வருமே, தொறந்து பாத்தீங்களா?" கவிதா ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: "பக்கெட்."

கண் எரிந்தது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலிங் பெல் அடித்தது. துண்டோடு போய்த் திறந்தேன். மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு சரவணன் நின்றான், தோளில் பாதி கேன் தண்ணீர்.

"எந்த வால்வுன்னு கேட்டேன்லா சார்" என்றான். "நீங்க சிரிச்சுட்டிய. மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் குத்துமதிப்பா ஒண்ணத் திறந்துட்டேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். குற்றம் தன்னுடையது என்பதுபோல் நின்றான். வெட்கமாக இருந்தது. இடது வால்வு என்று அப்போதுதான் சொன்னேன், பதினேழு மணி நேரம் தாமதமாக.

பாதி கேனில் முகத்துச் சோப்பு போனது, தலை நுரை முழுதாகப் போகவில்லை. காதுக்குப் பின்னால் நுரையோடு எட்டு நிமிடம் பிந்தி நேர்காணலில் உட்கார்ந்தேன். உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் மிகச் சாதாரணமான சந்தேகம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள். "எந்த வால்வு என்று உடனே சொல்லிவிடுவேன்" என்றேன். மூவரும் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதவி வேறொருவருக்குப் போனது.

அன்று மாலையே இடது வால்வுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். குழுவில் படம் போட்டு விளக்கமும் எழுதினேன். அதற்கு ஒரு சிரிப்பு முகம்கூட விழவில்லை.

வாட்ச்மேன் வேலைக்குப் புது ஆள் இன்னும் வந்தபாடில்லை; போன மாதம் எங்கள் வீட்டு முறை. பெயின்ட் முழுக்க உரிந்துவிட்டிருந்தது. இடதா வலதா என்று எனக்கே குழம்பிவிட, வேறு வழியில்லாமல் குழுவில் கேட்டேன். ஒரே நிமிடத்தில் சரவணனிடமிருந்து அம்புக்குறி போட்ட படம்: "முதலில் இடது, சார். நிரம்பியதும் வலது." அவ்வளவுதான், ஒரு குத்தல் இல்லை. அதற்குக் கீழே கவிதா எழுதினாள்: "குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்."

முப்பத்தோரு சிரிப்பு முகங்கள். என் சாதனை உடைந்தது. அதில் ஒன்று என் மாமியாருடையது. அவர் இருப்பது ஐயப்பன்தாங்கலில். அவரை எங்கள் குழுவில் யார் சேர்த்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.