எட்டுக்குப் பொட்டு இல்லை

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற சாலையில் சனிக்கிழமை காலை போய்ப் பாருங்கள். ஒரு தகரக் கொட்டகை முன்னால் பைக், ஸ்கூட்டர், லோடு ஆட்டோ என்று நூற்றுக்கணக்கில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அருகில் பெட்ரோல் பங்க் கிடையாது. பிரியாணிக் கடையும் கிடையாது. உள்ளே இருப்பவர் சலான் சித்தர்.

முற்காலத்துச் சித்தர்கள் காட்டுக்குப் போய், சாகாமல் இருக்க மருந்து தேடினார்களாம். நம் சித்தர் ரோட்டோரம் உட்கார்ந்து, சலான் வராமல் இருக்க மருந்து கண்டுபிடித்துவிட்டார். ஹெல்மெட் இல்லாமல் போகலாம். சிவப்பு விளக்கில் போகலாம். ஒரே பைக்கில் மனைவி, மச்சான், மாமியார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அபராதம் வராது. இந்த ஞானத்துக்காக அவர் ஒருநாள்கூடப் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை.

"போலீஸ்காரன் கண்ணுல பட்டா கையக் காலப் பிடிச்சுத் தப்பிச்சுக்கிடலாம். கேமரா கண்ணு அப்பிடியா? அது இமைக்கவே இமைக்காது. இமைக்காத கண்ணு பட்டா வெளங்குமா? பச்சப்புள்ளைக்குக் கண்ணு பட்டா என்ன செய்வீக?" என்பார் சித்தர்.

"திருஷ்டிப் பொட்டு வைப்போம் சாமி" என்று கூட்டம் பாடம் ஒப்பிக்கும்.

"வண்டிக்குக் கன்னம் எது?"

"நம்பர் பிளேட்டு சாமி."

அவ்வளவுதான் தத்துவம். மந்திரித்த மையில் தீக்குச்சியைத் தோய்ப்பார். வண்டியின் கடைசி எண்ணைக் கேட்பார். கண்ணை மூடிக் கிரகங்களோடு ஏதோ பேசுவார். பிறகு பொட்டு வைப்பார். கண்ட இடத்தில் வைத்துவிட மாட்டார். மூன்று என்றால் அது குருவின் எண், இடது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐந்து என்றால் புதன், இடது பக்கம் கீழே மட்டும். சைபர் என்றால் நட்டநடுவில் ஒரு கோடு. சைபருக்கு எந்தக் கிரகம் என்று கேட்டவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார். தட்சிணை, வந்த சலானில் பாதி. அரசாங்கத்தைவிடச் சித்தர் மலிவு.

கிண்டல் செய்கிறேனே தவிர, ஒரு உண்மையை நான் மறைக்கக்கூடாது. பொட்டு வேலை செய்தது. சத்தியமாக வேலை செய்தது. பொட்டு வைத்துக்கொண்டவர்களுக்குச் சலான் வரவே இல்லை.

இதற்குக் கண்கண்ட சாட்சி பேச்சிமுத்து. சித்தரின் பிரதம சீடர். அவருடைய கறுப்பு பைக்கின் எண் 4713. கொட்டகை வாசலில் ஒரு மேடை போட்டு, பைக்குக்கு மாலை சூட்டி நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில் பேச்சிமுத்து நின்றுகொண்டு, "போன தையில பொட்டு வச்சேன். இன்னவரைக்கும் ஒத்தச் சலான் வரலை. எம்புட்டு வேகமாப் போனாலும் வரலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஹெல்மெட்டை விற்று அந்தக் காசில்தான் பொட்டு வைத்தாராம்.

இந்தக் கதையின் மறுபாதி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்துகொண்டிருந்தது.

அங்கே ஜெபக்குமார் என்று ஒருவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட் போடுகிற ஜாதி. ஆள் நடமாட்டமே இல்லாத சந்திலும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவான். அவனிடமும் ஒரு கறுப்பு பைக் இருந்தது. அதன் எண் 4718. முன்னால் உள்ள எழுத்துகளெல்லாம் பேச்சிமுத்துவின் வண்டிக்கும் அவன் வண்டிக்கும் ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்ட உத்தமனுக்குத்தான் சலான் சலானாக வந்தது. ஹெல்மெட் இல்லை என்று ஒன்று. சிக்னலை மீறியதற்கு ஒன்று. மூன்று பேர் போனதற்கு ஒன்று, அதுவும் படத்தோடு. படத்தில் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்தப் படத்தால் வீட்டிலேயே ஒரு விசாரணை நடந்தது.

"நடுவுல சேலை கட்டி ஒக்காந்துருக்காளே, அது யாருங்க?" என்று கேட்டாள் மனைவி ஜாஸ்மின்.

"எனக்கெப்படித் தெரியும்? முன்னால ஒக்காந்துருக்கவன் யாருன்னே எனக்குத் தெரியல."

பயந்த சுபாவம். வந்த அபராதத்தையெல்லாம் வாய் பேசாமல் கட்டினான். பிறகு ஒருநாள் காவல் நிலையத்திலிருந்தே அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை சுந்தரபாண்டியத்துக்குப் பிரிகிற விலக்கில் கருத்தம்மா என்கிற விவசாயக் கூலிப் பெண்ணை ஒரு கறுப்பு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவருக்குக் கால் முறிந்துவிட்டது. பார்த்தவர்கள் சொன்ன எண் 4718. சாலையோரக் கேமராவும் அதையே சொன்னது.

ஞாயிறு மாலை ஜெபக்குமார் எங்கே இருந்தான்? வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவியும் பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். அவன் தூங்கியதற்குச் சாட்சி தலையணை மட்டும்தான்.

பள்ளி நிர்வாகம் வேன் சாவியை வாங்கிக்கொண்டது. கேஸ் முடிந்தால் வா, தண்டனை கிடைத்தால் வராதே என்று சொல்லிவிட்டது. லைசென்ஸ் போனால் வேறு எங்கும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஜெபக்குமாருக்கு வேறு தொழில் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று அவனும் சேத்தூர் ரோட்டுக்குப் போய் வரிசையில் நின்றான். அந்த வரிசையில் மத நல்லிணக்கம் பூத்துக் குலுங்கியது. அவனுக்கு முன்னால் ஜவுளிக்கடை ஜபருல்லா நின்றார், பின்னால் ஒரு கோயில் தர்மகர்த்தா நின்றார்.

"கடைசி எண் என்ன மகனே?" என்று கேட்டார் சித்தர்.

"எட்டு சாமி."

சித்தர் தீக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "எட்டு சனியோட எண்ணு. எட்டுக்குப் பொட்டு இல்ல. பெரிய பரிகாரம்தான் செய்யணும். மூணு அமாவாசை போகட்டும். அதுவரைக்கும் ஸ்டேஷன் வாசலையும் கோர்ட்டு வாசலையும் மிதிக்காத. சம்மன் வந்தா கையால தொடாத."

அவன் அதையும் நம்பி வீட்டுக்கு வந்தான். நல்லவேளை, அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் ஹெப்சிபா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏலே, சம்மனுக்குப் போகலன்னா அடுத்தாப்புல வாரண்டுதான் வரும். அமாவாசைக்கெல்லாம் கோர்ட்டு காத்துக்கிட்டு இருக்காது. அது போகட்டும், வந்த சலானெல்லாம் எதுக்குலே கட்டுன?"

"பயமா இருந்துச்சுக்கா."

"கட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதாத்தான எடுத்துக்கிடுவாக? இது என் வண்டி இல்லன்னு அந்த வெப்சைட்டுலயே புகார் போட்டிருக்கலாம்ல. இப்ப போலீசு என்ன சொல்லும்? எல்லாச் சலானையும் கட்டிருக்கான், அப்ப எல்லாம் இவன் ஓட்டுன வண்டிதான்னு சொல்லும்."

ஜெபக்குமார் அழுதேவிட்டான். அவள் சலானில் இருந்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜெபா, எட்டுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்லைன்னான்?"

"அது சனியோட எண்ணுக்கா."

"சனி கெடக்கட்டும். இந்த எட்டைப் பாரு. வலப்பக்கம் ஒல்லியா இருக்கு. இடப்பக்கம் மட்டும் வீங்கிருக்கு. சனிக்கெழமை நானும் அங்க வாரேன். நீ வாயைத் தெறக்காத, நான் பேசிக்கிடுதேன்."

அந்தச் சனிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஹெப்சிபா ஸ்கூட்டரை வரிசையில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், முன்னால் கைலி கட்டி, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு ஒருவர் பைக்கோடு நின்றார். தினமும் கோர்ட்டில் பார்க்கிற முதுகு அது.

"என்ன ஏட்டையா, இந்தப் பக்கம்?"

ஏட்டு ராஜரத்தினம் திடுக்கிட்டுத் திரும்பினார். "சும்மாதான் வக்கீலம்மா. ஒரு ரகசிய விசாரணை."

"நல்லது. அப்ப சாட்சிக்கு நீங்களே ஆச்சு. செத்த நேரம் எங்கயும் போயிராதீக."

அவள் முறை வந்தது. அவளுடைய ஸ்கூட்டரின் கடைசி எண்ணும் மூன்றுதான். சித்தர் தீக்குச்சியோடு குனிந்தார்.

"சாமி, பொட்ட வலப்பக்கமா வைங்க."

"அப்பிடி வைக்கக் கூடாது தாயி. குருவுக்கு இடப்பக்கந்தான்."

"அப்ப மட்கார்டுல வைங்க. புள்ளைக்கு நெத்தி, கன்னம், உள்ளங்காலுன்னு எங்க வச்சாலும் கண்ணு படாதுல்ல? வண்டிக்கு மட்டும் நம்பருக்கு மேலதான் வைக்கணுமாக்கும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சித்தர் சட்டென்று நிமிர்ந்தார். "நம்பிக்கை இல்லாதவுகளுக்குப் பொட்டு இல்ல. அடுத்த வண்டி வா" என்றார்.

"இருங்க சாமி. நம்பிக்கை வரணும்னுதான் வந்துருக்கேன்." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். தெருவின் எதிர்ப்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, அந்த மாலை போட்ட வண்டி நம்பர அங்க இருந்தே செத்த வாசிங்களேன்."

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்க வாசித்தார். "நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு."

"எட்டு இல்ல, மூணு" என்று சிரித்தார் பேச்சிமுத்து.

"எனக்கு எட்டுதான் தெரியுது" என்றார் பெரியவர். பக்கத்தில் நின்ற கரும்புச் சாறுக்காரருக்கும் எட்டாகத்தான் தெரிந்தது. நாலு பேர் அங்கே ஓடிப்போய் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் எட்டு. ஒருவன் போனில் படம் எடுத்தான். போனுக்கும் எட்டு. கிட்டே நின்று பார்த்தால்தான் மூன்றும் இரண்டு பொட்டும்.

ஹெப்சிபா ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். கொஞ்சம் பெட்ரோலில் நனைத்தாள். சித்தர் "தொடாத, குடும்பம் நாசமாப் போயிரும்" என்று கத்திக்கொண்டே வந்தார். அதற்குள் அவள் பிளேட்டை ஒரு துடை துடைத்துவிட்டாள்.

"இப்ப வாசிங்கய்யா."

"அட, மூணு" என்றார் பெரியவர்.

கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வந்து பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து அவரவர் வண்டியைப் பார்த்தார்கள். ஐந்து ஆறாகியிருந்தது. சைபர் எட்டாகியிருந்தது. ஒரு லோடு ஆட்டோவின் ஒன்று ஏழாகியிருந்தது. எட்டை மட்டும் எதுவாகவும் ஆக்க முடியாது. அதனால்தான் எட்டுக்குப் பொட்டு இல்லை. சனிமேல் பழி போட்டது சும்மா.

"ஒங்களுக்குச் சலான் வரலைன்னு சந்தோசப்பட்டீக. அது வராம எங்கயும் போகல. அடுத்தவன் வீட்டுக்குப் போச்சு. இந்தா நிக்கானே எந்தம்பி, இவன் வீட்டுக்குத்தான் பேச்சிமுத்து அண்ணனோட சலான் எல்லாம் வந்துச்சு. கருத்தம்மாவ இடிச்ச கேசும் இவந்தலையில விழுந்துச்சு. இவன் வேலையும் போச்சு."

ஜெபக்குமார் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் கட்டளை. ஆனால் அவன் பேச்சிமுத்துவைப் பார்த்த பார்வைக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

பேச்சிமுத்துவின் முகம் செத்துவிட்டது. "சாமி, பொட்டு இருக்க வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னீகளே. அந்தம்மா விழுந்தப்போகூட ஒங்க வார்த்தையை நம்பித்தான நிக்காம வந்தேன்" என்றார்.

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் கால் முறிந்து ரோட்டில் கிடந்திருக்கிறாள். இந்த மனிதர் ஒரு கறுப்புப் புள்ளியை நம்பி வண்டியை விரட்டியிருக்கிறார். மூட நம்பிக்கை யாருக்கும் கெடுதல் செய்யாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்கிறவர்களை நான் கருத்தம்மாவின் கட்டிலருகே கூட்டிப்போக ஆசைப்படுகிறேன்.

"ஹெல்மெட் போடலன்னா அபராதத்தோட போச்சு. நம்பர மாத்தி ஓட்டுனா கிரிமினல் கேசுண்ணே. இடிச்சிட்டு நிக்காம ஓடுனது தனிக் குத்தம். நின்னு அந்தம்மாவத் தூக்கிருந்தீகன்னா ஒங்களுக்காக நானே கோர்ட்டுல பேசிருப்பேன்" என்றாள் ஹெப்சிபா.

சித்தர் இதற்குள் கொட்டகையின் பின்வாசலை நோக்கி யோகநிலையில் நழுவிக்கொண்டிருந்தார். ஏட்டு ராஜரத்தினத்துக்குக் கடமை உணர்ச்சி பொங்கியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்தில் ஜடாமுடி கையோடு வந்துவிட்டது.

"அட, நம்ம ஸ்டிக்கர் கடை சுயம்புலிங்கமாலே நீயி?"

ஆமாம், அவரேதான். நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தே வாழ்ந்தவர். அரசாங்கமே அச்சடித்த பிளேட் வந்ததும் கடை படுத்துவிட்டது. எந்த எண்ணை எந்த எண்ணாக மாற்றலாம் என்கிற அறிவு மட்டும் கையில் மிச்சமிருந்தது. மந்திரித்த மை என்பது கடையில் மீந்துபோன பெயிண்ட்.

"ரகசிய விசாரணையில பிடிச்சேன்னு எழுதிக்கிடலாம்ல வக்கீலம்மா?" என்று மெல்லக் கேட்டார் ஏட்டு.

"தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒங்க வண்டிப் பொட்டை அழிச்சிருங்க. அது போன மாசம் வச்சதுபோலத் தெரியுது."

கொட்டகைக்குப் பக்கத்துத் தெருக்குழாயில் அன்று நடந்த தள்ளுமுள்ளு, தண்ணீர்ப் பஞ்ச காலத்தில்கூட நடந்ததில்லை. தட்சிணை கொடுத்து வைத்த பொட்டை எல்லோரும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்குமாருக்கு அடுத்த வாரமே வேன் சாவி திரும்பக் கிடைத்தது. கருத்தம்மாவுக்காக நஷ்டஈட்டு வழக்கை ஹெப்சிபாவே போட்டாள், இந்தமுறை சரியான நம்பரின் பேரில்.

அன்று அவள் கிளம்பும்போது ஜபருல்லா ஓடிவந்து வழிமறித்தார். "அம்மா, இனிமே சலான் வராம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

"ஹெல்மெட் போடுங்க. சிக்னல்ல நில்லுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "அது இல்லாம வேற ஏதாச்சும் இருக்காம்மா?"

பாவம் கேமரா. அதற்குக் கண் மட்டும்தான், மூளை கிடையாது. அதனால் மூன்றின்மேல் யாரோ மை தடவியதும் எட்டு என்று ஏமாந்துபோனது. நமக்குக் கண்ணும் இருக்கிறது, மூளையும் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நம்மை அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை.